வடிவு டீச்சர் சேர்த்துவைத்த வீடுகள்

எங்கள் வாகைக்குறிச்சியில் வீடுகள் இடம் மாறத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு. என் மாவு மில்லின் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிற வடிவு டீச்சர், போஸ்ட்மாஸ்டர் கைலாசம் பாட்டுப் பாடுகிறார் என்று ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தையும், கீழத்தெரு மாடத்தி இட்லி விற்கிறாள் என்று இன்னொரு இங்கிலீஷ் வாக்கியத்தையும் கரும்பலகையில் எழுதி, இரண்டுக்கும் நடுவே 'அண்ட்' என்ற சொல்லை வைத்து, "இனிமே இது ரெண்டு இல்ல, ஒண்ணு" என்று சொன்ன அதே நேரத்தில், போஸ்ட்மாஸ்டர் வீடு தபாலாபீஸ் தெருவை விட்டுப் புறப்பட்டுப் போய்க் கீழத்தெருவில் மாடத்தி வீட்டுச் சுவரோடு ஒட்டி நின்றது. சத்தம் ஏதும் கேட்கவில்லை. ஒரு ஓடு மட்டும் விழுந்தது, அதுவும் ஏற்கெனவே உடைந்திருந்த ஓடு.

கைலாசம் ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்து பார்த்தபோது, அவர் வீட்டுக்கு இருபுறமும் இருந்த வீடுகள் பஸ்ஸில் ஆள் இறங்கிய சீட்டை நிரப்புவது மாதிரி நெருங்கி உட்கார்ந்திருந்தன. "உங்க வீடு கீழத்தெருவுக்குப் போயிட்டு சார்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். கைலாசம் கீழத்தெருவுக்குப் போனார், அங்கே அவருடைய மனைவி வாசலில் வடகம் அள்ளிக்கொண்டிருந்தார், காப்பி சூடாக இருந்தது, குடித்தார். மறுநாள் காலையில் அவர் செய்த முதல் காரியம், தன்னுடைய முகவரி மாற்ற விண்ணப்பத்தைத் தானே எழுதித் தானே பெற்றுக்கொண்டு தானே முத்திரை குத்தியதுதான்.

வீடு எப்படி நகர்ந்தது என்று எங்கள் ஊரில் யாரும் ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. குடிதண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள் வருகிற ஊரில் அதற்கெல்லாம் யாருக்கு நேரம். அதன் பிறகு நடந்ததுதான் பெரிய வேலை. கரண்டு ஆபீஸ் லைன்மேன், வீடு போகிற இடமெல்லாம் தன்னால் ஒயர் இழுத்துக்கொண்டு ஓட முடியாது என்று ஏணியைக் கீழே போட்டார். பேரூராட்சிச் செயல் அலுவலர் 'வீட்டு நகர்வுத் தகவல்' என்று ஒரு படிவம் அச்சிட்டு, அதில் 'நகர்ந்த காரணம்' என்ற இடத்துக்கு நேரே 'இங்கிலீஷ்' என்று முன்கூட்டியே போட்டுக் கொடுத்தார். பெண்கள் நாலேகால் மணிக்கே அடுப்பை அணைத்து, குழம்புச் சட்டியை மூடி, தொட்டில் பிள்ளையை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளப் பழகினார்கள். மேலே சத்தம் கேட்கக் கூடாது என்று அந்த ஒரு மணி நேரம் மில்லை நிறுத்தி வைப்பது என் வழக்கம்; நானும் கை கழுவிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து பாடம் கேட்பேன். மில் நின்றால் நாலரை என்று ஊருக்கே தெரியும். மில் நிற்கும், ஊர் மூச்சைப் பிடித்துக்கொள்ளும், ஏதாவது ஒரு வீடு போகும், பிறகு எல்லோரும் அடுப்பைப் பற்றவைப்பார்கள்.

எல்லாச் சொல்லும் ஒரே மாதிரி சேர்க்கவில்லை என்பது போகப் போகத் தெரிந்தது. 'பட்' போட்டால் வீடுகள் சேர்ந்தன, ஆனால் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நின்றன. 'பிகாஸ்' போட்டுச் சேர்ந்த இரண்டு வீடுகளில் ஒரு வீட்டில் அடுப்பை மூட்டினால் அடுத்த வீட்டில் சோறு வெந்தது. யார் வீட்டு கேஸ் முதலில் தீரும் என்று இரண்டு குடும்பமும் ஒருவரையொருவர் முறைத்தபடியே மூன்று நாள் பழையது சாப்பிட்டன. அல்லது என்று அர்த்தம் வருகிற 'ஆர்' போட்டுச் சேர்த்த ஜவுளிக்கடைக்காரர் வீடும் தையல்காரர் வீடும் ஒரே இடத்தில் முறை வைத்து, இன்று இது நாளை அது என்று நின்றன. இல்லாத நாளில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டதற்கு இரண்டு வீட்டாரும் மத்தியானத் தூக்கம் மாதிரி நன்றாகத்தான் இருந்தது என்றார்கள். ஆனாலும் டீச்சர் பயந்துபோய் அந்தச் சொல்லை மறுபடி பலகையில் எழுதவே இல்லை. எழுதியதை அழித்தாலும் வீடு திரும்பிப் போகாது. அதையும் பார்த்தாகிவிட்டது.

இன்னொன்றும் தெரிந்தது. இரண்டு வாக்கியமும் உண்மையாக இருக்க வேண்டும். மேலத்தெரு முத்துவிநாயகம், பெரிய மனுசர், ஊர்க் கமிட்டித் தலைவர், தன் வீட்டைக் கோயில் பக்கம் நகர்த்திக்கொள்ள ஆசைப்பட்டு, தான் யாரையும் ஏமாற்றியதில்லை என்று ஒரு வாக்கியம் சொல்லி, அதைப் பூசாரி தினமும் மணி அடிக்கிறார் என்ற வாக்கியத்தோடு சேர்க்கச் சொன்னார். டீச்சர் சேர்த்தார். நாலரை ஆயிற்று, ஐந்து ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று, முத்துவிநாயகம் வீட்டில் ஒரு ஜன்னல்கூட ஆடவில்லை. ஊர் அதைக் குறித்துக்கொண்டது. அன்று முதல் டீச்சருடைய பலகைக்குக் கோர்ட்டைவிட மரியாதை கூடிப்போனது.

முத்துவிநாயகம் அதை மறக்கவில்லை. நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு படியேறி வந்தார்.

"டீச்சர், நீங்க சேக்குறதுன்னா சேத்து வைங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா அந்தந்தத் தெருவுக்குள்ள சேத்து வைங்க. போஸ்ட்மாஸ்டரக் கொண்டுபோயி எங்க வச்சிருக்கீங்கன்னு யோசிச்சுப் பாத்தீங்களா?"

"அவரு பாட்டுப் பாடுதாரு, மாடத்தி இட்லி விக்கா. ரெண்டும் நெசந்தானே?"

"நெசமா இருந்தா சேத்துருவீங்களா?"

"வேற எதை வச்சுச் சேக்க?" என்றார் டீச்சர்.

ஆனாலும் ஊரைப் பகைத்துக்கொண்டு வகுப்பு நடத்த முடியாது என்று ஒரு வாரம் காக்கை, குருவி, அணில் வைத்துப் பாடம் எடுத்தார். பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்தில் இருந்த கூடெல்லாம் என் மில் சன்னலுக்கு வந்து சேர்ந்தது. ஏழாவது நாள் மாடத்தி எழுந்து, "டீச்சர், இண்டர்வியூவுக்கு நாங்க போறமா காக்கா போகுதா?" என்று கேட்டாள். அவள் வகுப்பில் சேர்ந்திருந்ததே தென்காசியில் ஓட்டல் வேலைக்கு. மறுநாள் முதல் பலகையில் மறுபடி மனுசர்கள் வந்தார்கள். போஸ்ட்மாஸ்டர் மனைவியும் மாடத்தியும் அதற்குள் ஒரே ஆட்டுக்கல்லில் முறை போட்டு மாவாட்ட ஆரம்பித்திருந்தார்கள். முத்துவிநாயகம் கீழத்தெரு வழியாகப் போகும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், நாளடைவில் கழுத்து வலித்து அதையும் விட்டுவிட்டார்.

இப்படி ஊரில் அறுபதுக்கு மேற்பட்ட வீடுகளைச் சேர்த்துவைத்த டீச்சர், எட்டு நிமிட நடையில் தேரடிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வீட்டைப் பற்றி மட்டும் ஒரு வாக்கியமும் எழுதவில்லை. அது அவருடைய சொந்த அக்கா ஆவுடையம்மாளுடைய வீடு. அக்காவும் தங்கையும் பேசி அப்போது பதினோரு வருசம் ஆகியிருந்தது.

காரணம் ஒரு கல்யாணப் பத்திரிகை. ஆவுடையம்மாளுடைய மகள் இந்துமதிக்கு ஆனா ஆவன்னாவிலிருந்து இங்கிலீஷ் வரை சொல்லிக் கொடுத்து, தலை பின்னி, பரீட்சைக்குக் கூடவே போய் வெயிலில் நின்று வளர்த்தது வடிவு டீச்சர்தான். டீச்சருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது. கேட்ட இரண்டு பேரும் பதில் இல்லாமல் திரும்பி வந்தார்கள். இந்துமதி கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகையில், தங்கள் நல்வரவை நாடும் என்ற வரிக்குக் கீழே முப்பத்தோரு ஜோடிப் பெயர்கள் இருந்தன. கணவன் பெயர், ஒரு சின்னக் கோடு, மனைவி பெயர் என்று மாமா அத்தை, சித்தப்பா சித்தி, பெங்களூர் சம்பந்தியின் ஒன்றுவிட்ட தம்பி வரை எல்லோரும் இருந்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் போட ஆள் இல்லாத டீச்சருடைய பெயரைக் காணோம். கடைசி வரியில் 'மற்றும் உற்றார் உறவினர்' என்று இருந்தது. டீச்சர் அந்த மற்றுமுக்குள் இருந்தார். பத்திரிகையும் தாம்பாளத்தில் வைத்து வெற்றிலை குங்குமத்தோடு வரவில்லை, பூக்காரர் கையில் கொடுத்தனுப்பப்பட்டு வந்தது. கேட்டு அனுப்பியதற்கு அக்காவிடமிருந்து வந்த பதில் இதுதான்: "அறுநூறு கார்டு அடிச்சாச்சு, இனி மாத்த முடியாது." டீச்சர் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்றைக்கு வீட்டில் ஒட்டடை அடித்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னார்.

நாங்கள் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தோம். "ஊரைச் சேக்குத கை, உங்க வீட்டையும் சேக்கக் கூடாதா டீச்சர்?" என்று போஸ்ட்மாஸ்டர் நேரடியாகவே கேட்டார். "நெசமா ரெண்டு வாக்கியம் கிடைக்கல சார்" என்று சொல்லிவிட்டு டீச்சர் டஸ்டரைத் தட்டினார்.

அப்படியிருக்கும்போது ஆனி மாதம் ஒரு புதன்கிழமை, நாலு இருபதுக்கு, ஆவுடையம்மாள் ஒரு கோடு போட்ட நோட்டோடு என் மில் வாசலில் வந்து நின்றார். கணவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருசம், தேரடி வீட்டை விற்றாகிவிட்டது, அடுத்த வெள்ளிக்கிழமை லாரி வருகிறது, பெங்களூரில் மகள் வீட்டோடு போய்விடப் போகிறார். அங்கே வாட்ச்மேனுக்கும் தமிழ் தெரியாது, பேரப்பிள்ளைக்கும் தமிழ் தெரியாது. "மேல போலாமா?" என்று என்னிடம் கேட்டார். நான் என்ன சொல்ல, படியை விட்டு எழுந்து வழி விட்டேன்.

டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார், பேனாவைத் திறந்தார், தலையைத் தூக்கவில்லை.

"பேரு?"

"ஆவுடையம்மாள்."

"அப்பா பேரு?"

வகுப்பில் பதினேழு பேர் இருந்தார்கள், எல்லோரும் பேனாவைக் கீழே வைத்தார்கள்.

"உங்க அப்பா பேருதான்" என்றார் ஆவுடையம்மாள்.

டீச்சர் அதை எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு எட்டு நாள், அக்கா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து லிஃப்ட் எப்போது வரும் என்றும், பால் ஒரு பாக்கெட் போதும் என்றும், எனக்கு முட்டி வலிக்கிறது என்றும் இங்கிலீஷில் சொல்லப் பழகினார். தங்கை முன்னால் நின்று தப்பைத் திருத்தினார். இருவரும் பதினோரு வருசம் கழித்துப் பேசிக்கொண்டது அவ்வளவுதான், அதுவும் இங்கிலீஷில். எனக்குக் கேட்கவே கஷ்டமாக இருந்தது.

வியாழக்கிழமை கடைசி நாள். ஒவ்வொருவரும் வந்து சொந்தமாக இரண்டு வாக்கியம் எழுத வேண்டும், டீச்சர் சேர்த்துவைப்பார். ஆவுடையம்மாள் எழுந்து போய்ச் சாக்பீஸை எழுதுகோல் மாதிரி அல்லாமல் அகப்பை மாதிரிப் பிடித்துக்கொண்டு, எழுத்தைக் கூட்டிக் கூட்டி எழுதினார். முதல் வாக்கியம்: கார்டு அச்சுக்குப் போகும் முன்பே நான் பார்த்தேன். இரண்டாவது வாக்கியம்: என் தங்கை மண்டபத்து வாசல் வரை வந்தாள்.

எழுதிவிட்டு நடுவில் இடம் விட்டு நகர்ந்து நின்றார்.

எங்களுக்கு இரண்டும் புதுச் செய்தி. அக்கா தெரிந்தேதான் விட்டார் என்பதும் தெரியாது, தங்கை ஒட்டடை அடிக்கவில்லை என்பதும் தெரியாது.

"சம்பந்தி வீட்டுல ஒத்தப் பேரு கூடாதுன்னு சொன்னாவ" என்று ஆவுடையம்மாள் பலகையைப் பார்த்தபடியே தமிழில் சொன்னார். "நானும், சொந்தத் தங்கச்சி, அவளுக்கு எதுக்குப் பேரு, புரிஞ்சுக்கிடுவான்னு விட்டுட்டேன். பச்சைக் கலர் சேலை கட்டியிருந்தே. கையில ஒரு பொட்டலம் வச்சிருந்தே. நான் மேடையில இருந்து பாத்தேன். கூப்பிடல."

டீச்சர் சாக்பீஸோடு நின்றார். அந்த இடத்தில் ஒரு சொல் போட்டால் இரண்டும் உண்மை என்று ஊருக்கே தெரிந்துவிடும். வாசல் வரை போய், யாராவது கூப்பிடுவார்களா என்று பார்த்து, கூப்பிடாமல் திரும்பி வந்ததும் தெரிந்துவிடும். கை ஒரு தடவை பலகை வரை போனது. பிறகு சாக்பீஸைக் கீழே வைத்து, "இன்னைக்குக் கிளாஸ் முடிஞ்சுது" என்றார். வெள்ளிக்கிழமை லாரி வந்தது, போனது. டீச்சர் அன்றைக்கும் வகுப்பு நடத்தினார்.

ஆனால் அந்த இரண்டு வாக்கியத்தையும் யாரும் அழிக்கவில்லை. டீச்சர் மிச்சம் இருந்த கால் பலகையில் நெருக்கி நெருக்கிப் பாடம் எழுதினார். பன்னிரண்டு நாள் இப்படிப் போனது. ஊரில் ஒரு வீடும் நகரவில்லை, இருந்தும் நாலேகாலுக்கு எல்லோரும் சட்டியை மூடிவைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பதின்மூன்றாம் நாள் மாடத்தி பொறுமை இழந்தாள்.

"டீச்சர், கோவிச்சுக்கிடாதீங்க. பொய்யின்னா அழிச்சிருங்க, நெசம்னா சேத்துருங்க. எழுத எடம் பத்தல."

டீச்சர் மாடத்தியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "நெசந்தான்" என்றார். "வெள்ளி டம்ளர் வாங்கி வச்சிருந்தேன். இன்னும் பீரோவுல இருக்கு." திரும்பி அந்த இடைவெளியில் 'அண்ட்' என்று எழுதினார். மூன்றே எழுத்து, அதற்குப் பதினோரு வருசம் ஆயிற்று. எழுதி முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மாடத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பதினேழு பேரும் அழுதார்கள், நானும்தான்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. தேரடி வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள், அது அசையவில்லை, நியாயம்தான். மறுநாளும் ஒன்றும் நடக்கவில்லை. காலம் கடந்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள். "பெங்களூர் பஸ்ஸே இங்க வந்து சேர ஒரு ராத்திரி ஆகுது, வீடு எம்புட்டு நேரம் எடுக்கும்னு நெனைக்கீய?" என்று போஸ்ட்மாஸ்டர் சொன்னார், தபால் விசயம் தெரிந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு வந்து சேர்ந்தது. டீச்சருடைய பக்கத்து வீடு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்ள, நாலாவது மாடி ஃபிளாட் ஒன்று, கீழே மூன்று மாடியும் இல்லாமல், நாநூற்று ஏழு என்ற பித்தளை எண்ணோடு, டீச்சர் வீட்டுச் சுவரை ஒட்டித் தரையில் நின்றது. பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. லிஃப்ட் கதவும் கூடவே வந்திருந்தது. பொத்தானை அமுக்கினால் ஒரு பெண் குரல் மேலே போகிறோம் என்று இங்கிலீஷில் சொல்லும், போகாது. பேரப்பிள்ளை பால்கனியிலிருந்து நேராக மண்ணில் கால் வைத்து, எங்கள் ஊர்க் கோழி ஒன்றைப் பார்த்து அது என்ன என்று இங்கிலீஷில் கேட்டான். மருமகன் அரைக்கால் டவுசரோடு வெளியே வந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "இங்க நெட் வருமா அங்கிள்?" என்று என்னைக் கேட்டார். டவர் மில்லுக்குப் பின்னால்தான் இருக்கிறது என்றேன். சரி என்று உள்ளே போய் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். பெங்களூரில் நாநூற்று ஆறும் நாநூற்று எட்டும் இப்போது ஒட்டிக்கொண்டன என்றும், அந்த இரண்டு வீட்டாரும் அன்றைக்குத்தான் ஒருவர் பேரை ஒருவர் கேட்டார்கள் என்றும் பின்னால் தெரிந்தது.

படிவம், ஒயர், தண்ணீர்க் குழாய் எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தது, எங்களுக்குத்தான் கை பழகிவிட்டதே. ஒரு வழக்கம் மட்டும் பாக்கி. புதிதாக வந்த வீட்டில் பால் காய்ச்சாமல் இருக்கக் கூடாது என்று ஊர் சொன்னது. பால் காய்ச்சுவதென்றால் பத்திரிகை அடிக்க வேண்டும். ஆவுடையம்மாள் தேரடியில் அந்தக் கல்யாணப் பத்திரிகை அடித்த அதே அச்சகத்துக்குத் தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

பத்திரிகை வந்த அன்று காலையில் முறுக்கு மாவு கொடுக்க நான் டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் தானாகவே ஒரு கதவு இருந்தது, இந்துமதி அது வழியாகத்தான் வந்து போய்க்கொண்டிருந்தாள். ஆவுடையம்மாள் அது வழியாக வரவில்லை. பட்டுச்சேலை கட்டி, தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம் வைத்து, தெருவுக்கு இறங்கி, முட்டி வலியோடு சுற்றிக்கொண்டு, தலைவாசலில் வந்து நின்று, "வடிவு, நேர்ல அழைக்க வந்திருக்கேன்" என்றார்.

டீச்சர் பத்திரிகையைப் பிரித்தார். தங்கள் நல்வரவை நாடும் என்ற வரிக்குக் கீழே, நட்டநடுவில், கோடு இல்லாமல், ஜோடி இல்லாமல், ஒரே ஒரு பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது: சண்முகவடிவு. அதற்கு ரொம்பக் கீழே, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பொடி எழுத்தில், 'மற்றும் ஆவுடையம்மாள், உற்றார் உறவினர்' என்று இருந்தது.

"என்னக்கா இது, இப்படியா போடுவாவ? வீடு உன்னோடது. ஊர் சிரிக்கும். மாத்தச் சொல்லுக்கா."

"அறுநூறு கார்டு அடிச்சாச்சு" என்றார் ஆவுடையம்மாள். "இனி மாத்த முடியாது."

டீச்சர் குங்குமத்தை எடுத்துக்கொண்டார்.